சாலையோரப் பெட்டிக்குக் காசு எதற்கு?

சம்பள வாரத்தில் சாமான் வாங்கக் காஜாங் பட்டணத்துக்கு வரும் தோட்டத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “காருக்குச் சாலை வரி கட்டுகிறோம், அப்படியிருக்க, சாலையோரத்தில் நிறுத்துவதற்கு மறுபடியும் காசு எதற்கு?” என்பதே அது. கேள்வி நியாயமானது. ஆனால் சாலை வரி மத்திய அரசாங்கத்துக்குச் சேர்வது. நிறுத்தக் கட்டணமோ ஊராட்சிக்கு உரியது. இரண்டின் நோக்கமும் வேறு.

கார் நிறுத்தக் கட்டணக் கருவி முதன்முதலில் 1935ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் ஒக்லகோமா நகரில் நடப்பட்டது. கட்டணம் மணிக்கு 5 சென்ட். அங்கே கடை முதலாளிகளும் சிப்பந்திகளும் காலையிலேயே தங்கள் கார்களைக் கடைவாசலில் நிறுத்திவிடுவர். பொருள் வாங்க வந்தவருக்கு இடமிராது. இதைத் தீர்க்கவே கார்ல் மெகீ என்னும் பத்திரிகையாசிரியர் அக்கருவிக்கு வழிவகுத்தார்.

காஜாங்கின் நிலையும் இதுதான். நாட்டின் தொடக்ககால ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றான இன்ச் கென்னத் இவ்வூரை அடுத்தே இருந்தது. அக்காலத்தில் எழுந்த கடைத்தெருக்கள் இன்றைய கார்களை எண்ணிப் போடப்பட்டவை அல்ல. ஒரு பெட்டியைக் கணக்கிட்டுப் பாருங்கள். காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை ஒரே கார் நின்றால் அதனால் பயன் பெறுவது ஒரு குடும்பம். மணிக்கொரு கார் மாறினால் ஒன்பது குடும்பங்கள். நோயாளியை மருந்தகத்துக்கு அழைத்து வருபவருக்கு அந்த ஒரு மணி நேர இடம் எவ்வளவு பெரிது!

எனில், எவ்வளவு வசூலிப்பது? கட்டணம் மிகக் குறைவாயின் பெட்டி காலியாகாது. மிக அதிகமாயின் கடைத்தெருவே காலியாகும். 2011இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் ஒரு முறையைத் தொடங்கியது. பெட்டிகள் நிரம்பி வழியும் தெருவில் கட்டணம் சிறிது ஏற்றப்பட்டது. காலியாகக் கிடந்த தெருவில் குறைக்கப்பட்டது. குறைக்கவும் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2016 ஜூலையில் நகர மையத்தில் முதல் மணிக்கு 2 வெள்ளியும் அடுத்த ஒவ்வொரு மணிக்கும் 3 வெள்ளியும் என்று விதித்தது. நேரம் நீள நீளக் கட்டணமும் ஏறுவதால், நாள் முழுதும் நிறுத்துவோர் தயங்குவர். சிறிது நேரம் நிறுத்துவோருக்குச் சுமை குறைவு. வருமானம் ஒன்றையே கருதி விதிக்கப்படும் கட்டணத்தைவிட இத்தகைய ஏற்பாடே சிறந்தது என்பது நம் கருத்து.

காஜாங்கில் இப்பொறுப்பு, 1997இல் அத்தகுதி பெற்ற காஜாங் நகராண்மைக் கழகத்துடையது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படியும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படியும் அது செயற்படுகிறது. நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. கழக உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. வாக்குச் சீட்டினால் அவர்களை மாற்ற இயலாது. ஆதலின் கட்டணமோ இடநெருக்கடியோ உங்களைப் பாதித்தால், தெருவின் பெயரையும் நேரத்தையும் குறித்து, உங்கள் வட்டாரக் கழக உறுப்பினருக்கு எழுதுங்கள். பத்துப் பேர் கையொப்பமிட்ட கடிதத்துக்குத் தனி மதிப்புண்டு.

சிலாங்கூரில் இப்போது கைப்பேசிச் செயலி வழியாகக் கட்டணம் செலுத்தும் முறை பரவியுள்ளது. அத்தகைய கைப்பேசி இல்லாத முதியோர்க்கு இது தொல்லையே. இதையும் கடிதத்தில் எழுதலாம். செயலியில் கார் எண்ணைப் பதியும்போது ஓர் எழுத்துத் தவறினாலும் அபராதச் சீட்டு வரக்கூடும். எனவே ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொள்க. கட்டண நேரத்தையும் விலக்கு நாள்களையும் அறிவிப்புப் பலகையில் படித்துக்கொள்க. மோட்டார் சைக்கிளை அதற்குரிய பெட்டியிலேயே நிறுத்துக. கோலாலம்பூருக்குச் செல்வோர் கடைத்தெருவில் காரை விட்டுச்செல்ல வேண்டியதில்லை. 2017 முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடும் காஜாங் நிலையத்திலேயே அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் இருக்கிறது.