சங்கராபரணி வெள்ளமும் நமது வாய்க்காலும்

வில்லியனூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குச் சங்கராபரணி நதி புதிதன்று. வருஷத்தில் பல மாதங்கள் மணலாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் சில நாட்கள் மட்டும் கரைபுரண்டு ஓடுவது அதன் சுபாவம். அந்தச் சில நாட்களில் எவ்வளவு ஜலத்தை ஏரிக்குத் திருப்புகிறோமோ, அதைப் பொறுத்ததே நமது சாகுபடி. ஆகையால் நதி வரும் வழியைச் சங்கத்து அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

வராகநதி, செஞ்சியாறு என்னும் பெயர்களும் உடைய இந்நதி செஞ்சிப் பிரதேசத்து மலைகளில் உற்பத்தியாகின்றது. அங்குள்ள பாறைக் குன்றுகள் மழையை உள்வாங்குவதில்லை. பெய்தவுடன் ஓடைகளில் தள்ளிவிடுகின்றன. 1959-ம் வருஷத்தில் வீடூரில் கட்டப்பட்ட 32 அடி அணை அவ்வேகத்தைச் சிறிது தடுக்கின்றது. அதன் பாசனம் 3,200 ஏக்கர்; அதில் 1,000 ஏக்கர் புதுவையைச் சேர்ந்தது. அணை நிரம்பியபின் மிகுந்த ஜலம் கல்மரங்களுக்குப் பேர்பெற்ற திருவக்கரையைக் கடந்து, நமது எல்லைக்குள் புகுந்து, வில்லியனூர், திருக்காஞ்சி வழியாகச் சென்று, அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு எனப் பிரிந்து கடலில் கலக்கின்றது. மொத்த தூரம் சுமார் 80 கிலோமீட்டரே. ஆதலால் வெள்ளம் வெகு சீக்கிரத்தில் வந்து, வெகு சீக்கிரத்தில் வடிந்துவிடும்.

மலையில் விரைந்தோடும் ஜலம் சமவெளிக்கு வந்ததும் வேகம் தணிந்து, மணலையும் வண்டலையும் கீழே விடுகின்றது. வாய்க்காலின் தலைப்பில் ஒரு முழம் மண் மேடிட்டால், நதி அம்மேட்டுக்கு மேல் உயர்ந்த பின்னரே ஜலம் உள்ளே ஏறும். வடியும்போதும் முன்னதாகவே நின்றுவிடும். ஆறு நாள் வெள்ளத்தில் முதலில் ஒரு நாளும் கடைசியில் ஒரு நாளும் இவ்விதம் போயின், ஏரிக்குக் கிடைப்பது நான்கே நாள். அந்நஷ்டம் கடைமடைக்காரரையே முதலில் தாக்கும்.

ஆற்றுமணலை வரம்பின்றி எடுப்பதும் இதே தீங்கை வேறு வழியில் செய்கின்றது. படுகை தாழ்ந்தால் வெள்ளமும் தாழ்ந்தே ஓடும். வாய்க்கால் மேலே வறண்டு நிற்கும். கிணறுகளுக்கு ஊறும் ஜலமும் குறையும். கடலோரத்தில் உப்பும் ஏறும்.

பிரெஞ்சு ஆட்சியில் கட்டப்பட்ட செல்லிப்பட்டுப் படுகை அணை 2021-ம் வருஷத்து வெள்ளத்தில் உடைந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, வயல்களும் வீடுகளும் மூழ்கின. ஜலம் வராமலில்லை, வந்ததை ஏற்கும் வழி செம்மையாய் இருந்தாலன்றிப் பிரயோஜனமில்லை.

சுத்துக்கேணி வாய்க்கால் ஊசுட்டேரிக்கு இந்நதியின் ஜலத்தைக் கொண்டுவருகின்றது. பாகூர் ஏரிக்கோ பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வருகின்றது. நதி வேறாயினும் விதி ஒன்றே.

எனவே ஒவ்வொரு சங்கமும் ஆவணி மாதத்திலேயே கூட்டம் கூட்டுக. அங்கத்தினர் தத்தம் வயல் மடையைப் பார்ப்பதோடு நில்லாமல், தலைப்பிலிருந்து ஏரி வரை வாய்க்கால் நெடுக நடந்து, மேடிட்ட இடம், உடைந்த கரை, ஆக்கிரமித்த இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. கூடியதைத் தாங்களே சீர்செய்து, கூடாததைப் பொதுப்பணித் துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலைச் சங்கத் தஸ்தாவேஜில் வைக்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் இவ்வேலை தீர்தல் அவசியம். வெள்ளம் நமக்காகக் காத்திராது.