பாடலும் பெயரும்: ஈழத்துப் பொப்பிசையில் தனிப்பாடகரின் இடம்

முன்னுரை

தமிழில் வெகுசனப் பாடல் என்றதும் திரைப்பாடலே முதலில் நினைவுக்கு வருகிறது. அதில் சொல் கவிஞருடையது, மெட்டு இசையமைப்பாளருடையது, குரல் பின்னணிப் பாடகருடையது. இம்மூன்றையும் ஒருவரே ஏற்றுக் கிதாருடன் மேடையேறும் முறை இலங்கைத் தமிழரிடையே வலுவாக வேரூன்றியது. அது பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் வழங்கப்பட்டது. அவ்விசை தனக்குரிய ஒலியையும் கேட்போரையும் எவ்வாறு பெற்றது, கேட்போர் பெருகியபோது படைத்தவரின் பெயர் என்னவாயிற்று என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒலி உருவான முறை

போர்த்துக்கேயர் வழியாக இலங்கைக் கரையோரங்களில் நிலைபெற்ற பைலா, 6/8 என்னும் துள்ளல் தாளத்தில் அமைந்தது. 1940களில் வாலி பஸ்தியன் அதனைச் சிங்களத்தில் பரவலாக்கினார். தமிழ்ப் பொப்பிசை இத்தாளத்தோடு மேலைக் கிதார் இசையையும் ஏற்றுக்கொண்டது. எனினும் அதனைத் தமிழாக்கியது பேச்சுவழக்கே ஆகும்.

உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் இதற்குச் சிறந்த சான்றாவார். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஆகியவை அவருடைய புகழ்பெற்ற பாடல்கள். முன்னதில் இளைஞன் ஒருவன் மாமியிடம் அவர் மகளைப் பற்றி வினவுகிறான். மாமியின் மகள் முறைப்பெண் என்னும் உறவறிவு கேட்போரிடம் முன்பே இருப்பதால், காதலை வெளிப்படக் கூறவேண்டிய தேவை எழவில்லை. விளிச்சொல்லே அதனை உணர்த்திவிடுகிறது. பின்னது குடியைக் கண்டிக்கும் அறிவுரை; ஆயினும் ஆடத்தக்க மெட்டில் அமைந்துள்ளது. புதிய தாளமும் பழகிய சொல்லும் இணைந்த இவ்விணைப்பே பொப்பிசையின் தனித்தன்மை எனலாம்.

கேட்போர் பெருகிய முறை

இலங்கையில் தமிழ்த் திரைத்துறை சிறிதாகவே இருந்தது. எனவே பாடகர்க்கு மேடையும் வானொலியும் களமாயின. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய வானொலி நிலையத்தின் தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழகத்திலும் நேயர்கள் மிகுதி. பொப்பிசைச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட ஏ. ஈ. மனோகரன் தமிழும் சிங்களமும் கலந்த ‘சுராங்கனி’யைக் கடல் கடந்து கொண்டுசென்றார். 1977இல் இளையராஜா இசையில் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் மலேசியா வாசுதேவன் குரலில் அது திரைக்கும் வந்தது.

இங்கு ஒரு மாற்றம் நிகழ்கிறது. மேடையில் பாடகரின் உடைமையாகக் கேட்கப்பட்ட பாடல், திரையில் படத்தின் பாடலாகவும் இசையமைப்பாளரின் பாடலாகவும் அறியப்படுகிறது. ‘சின்ன மாமியே’யும் மனோகரன் உள்ளிட்ட பலரால் பாடப்பெற்றது. பாடுவோர் பெருகுந்தோறும் பாடல் வாழ்கிறது. இயற்றியவர் பெயரோ பின்தங்குகிறது.

இன்றைய தொடர்ச்சி

இச்சிக்கல் கடந்தகாலத்தோடு முடியவில்லை. 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ திரைப்படம் சாராமல் உலகெங்கும் கேட்கப்பட்டது. அதன் வரிகளை எழுதித் தீயுடன் இணைந்து பாடியவர் அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவுகளை அறிவு இப்பாடலில் பதிந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இடம்பெறாதது பெரும் விவாதத்தை எழுப்பியது. பின்னர் அவர் இடம்பெற்ற அட்டையும் வெளியிடப்பட்டது. வானொலிக் காலத்தில் ஓசையின்றி நிகழ்ந்த மறைவு, இணையக் காலத்தில் உடனே வினவப்பட்டது என்பதே வேறுபாடு.

முடிவுரை

ஏற்காடு போன்ற மலையூரில் வாழும் ஒருவரும் இன்று தம் பாடலைத் தாமே பதிவுசெய்து வெளியிட இயலும். பரப்பும் வாயில் எளிதாயிற்று. பெயரைக் காக்கும் வழி அவ்வாறு எளிதாகவில்லை. ஆகவே வெகுசனப் பாடலை ஆய்வோர் எழுதியவர், மெட்டமைத்தவர், முதலில் பாடியவர், பின்னர் பரப்பியவர் என நால்வரையும் தனித்தனியே பதிவுசெய்தல் வேண்டும். பரவலாகப் பாடப்படுவதாலேயே ஒரு பாடலை ஆசிரியரற்ற நாட்டார் பாடலாகக் கொள்ளும் பிழையை இப்பதிவுமுறை தவிர்க்கும்.