உள்நாட்டு விமானச் சீட்டு: மலிவும் கணக்கும்



அமெரிக்காவில் குடியிருக்கும் நம்மவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது உள்நாட்டு விமானம் ஏற வேண்டியிருக்கிறது. ஜூலை 4 விடுமுறையை ஒட்டி நடக்கும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா, பிள்ளையின் கல்லூரி, உறவினர் வீட்டுக் கல்யாணம், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா என்று காரணங்கள் பல. நான் பாறசாலையை அடுத்த காரோட்டுக்காரன். ரயில்வேயில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்கு வந்து தங்கும் மாதங்களில் சீட்டுப் பார்க்கும் வேலை என் பொறுப்பு. அதில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

விலை ஏன் மாறுகிறது?

ரயில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான விலை குறையும். ஆகவே பாறசாலையிலிருந்து சென்னைக்கு ஒரே சீட்டாக எடுப்பதே இரண்டாக வெட்டி எடுப்பதைவிட லாபம். விமானத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கட்டணத்தை அரசு வாரியம் நிர்ணயித்தது. அதன்பின் கம்பெனிகள் வைத்ததே விலை. 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்ப்யூட்டரின் துணையோடு ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைகளாகப் பிரித்து விற்கத் தொடங்கியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

நம் ரயில்வேயும் 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் இதன் எளிய வடிவத்தைக் கொண்டுவந்தது. 10 சதவீத இடங்கள் விற்றால் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும். தொடக்கத்தில் அது ஒன்றரை மடங்கில் நின்றது. விமானத்தில் அப்படி நிற்கும் எல்லை கிடையாது. மலிவான இடங்கள் சில. அவை தீர்ந்ததும் அடுத்த விலை. நான்கு பேர் குடும்பத்துக்குத் தேடும்போது அந்த விலையில் மூன்று இடம்தான் மீதி என்றால், நான்கு பேருக்கும் கூடிய விலையையே காட்டுவதுண்டு. எனவே முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பிரித்து வாங்கலாம். ஆனால் சிறு குழந்தையைப் பெரியவர் ஒருவரின் சீட்டோடு சேர்த்தே வாங்க வேண்டும்.

எப்போது, எங்கே வாங்குவது?

கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்றவற்றில் ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்குவதைக் கம்பெனியிடமே நேராக வாங்குங்கள். நேரம் மாறினாலும் விமானம் ரத்தானாலும் பேசுவதற்கு ஒரே இடம் இருக்கும். புறப்பட 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது கம்பெனியிடம் நேராக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் காசு பிடிக்காமல் ரத்து செய்ய அமெரிக்க விதி இடம் தருகிறது. சில கம்பெனிகள் அதற்குப் பதிலாகப் பணம் வாங்காமலே 24 மணி நேரம் விலையைப் பிடித்து வைக்கும். நல்ல விலை கண்டால் எடுத்து வைத்துவிட்டு வீட்டில் கலந்து பேசலாம்.

பெரும்பாலும் செவ்வாய், புதன், சனிக்கிழமைகளில் விலை தணிந்திருக்கும். பேரவை விழாவுக்குப் போகிறவர்களுக்கு நாளை மாற்ற வழியில்லை, இடத்தை மாற்றலாம். 2024இல் விழா நடந்த சான் அந்தோனியோவுக்கு ஆஸ்டின் சுமார் 80 மைல். 2023இல் நடந்த சேக்ரமெண்டோவுக்கு ஓக்லாந்தும் சான் பிரான்சிஸ்கோவும் காரில் போகும் தூரம்தான். நான்கு சீட்டில் மிச்சமாகும் தொகையிலிருந்து கார் வாடகையையும் பெட்ரோலையும் கழித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெட்டிக் கணக்கு

திரையில் தெரியும் விலை மெய்விலை அல்ல. பெரிய கம்பெனிகள் பலவற்றில் உள்நாட்டுப் பயணத்துக்கு முதல் பெட்டிக்கு 35 டாலருக்குக் குறையாது. இரண்டாவதற்கு அதைவிடக் கூடும். நெடுங்காலம் பெட்டிக்குக் காசு வாங்காதிருந்த சவுத்வெஸ்ட் கம்பெனியும் 2025 மே முதல் வாங்கத் தொடங்கிவிட்டது. 'பேசிக் எகானமி' என்ற மலிவுச் சீட்டில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும் தேதி மாற்றவும் பெரும்பாலும் முடியாது. சீட்டு, பெட்டி, இருக்கை, விமான நிலையம் போய்வரும் செலவு நான்கையும் கூட்டி ஒரு தாளில் எழுதிவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒரே சீட்டா, இரண்டு சீட்டா?

முக்கியமான விஷயம் இதுதான். எங்கள் ஊரில் வயதான தம்பதியர் மகனைப் பார்க்கப் புறப்பட்டார்கள். திருவனந்தபுரத்திலிருந்து சிகாகோ வரை ஒரு சீட்டு. அங்கிருந்து மகன் ஊருக்கு வேறு கம்பெனியில் தனிச் சீட்டு. அதில் மிச்சம் 120 டாலர். வந்த விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். குடிநுழைவு வரிசையில் நின்று, நான்கு பெட்டிகளையும் எடுத்து, சுங்கம் கடந்து வெளியே வருவதற்குள் அடுத்த விமானம் போய்விட்டது. இரண்டாவது கம்பெனிக்கு முதல் விமானத்தின் தாமதம் ஒரு காரணமே அல்ல. சீட்டு போயிற்று, புதுச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. நான்கு பெட்டிக்கு மட்டும் 160 டாலர். தமிழும் மலையாளமும் தவிர வேறு மொழி அறியாத அந்த அம்மா, ராத்திரி முழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோய்க்காரர்.

கடைசி ஊர் வரை ஒரே சீட்டாக இருந்தால், இணைப்பு விமானம் தவறினாலும் அடுத்ததில் அனுப்புவது கம்பெனியின் பொறுப்பு. வெளிநாட்டுப் பயணத்துக்குரிய பெட்டி அளவே கடைசிவரை செல்லும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அபுதாபி வழியாக வருகிறவர்களுக்கு 2014 முதல் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை அங்கேயே முடிக்கும் வசதி இருக்கிறது. இறங்கும் ஊரில் அந்த வரிசை மிச்சம்.

தனிச் சீட்டுதான் வழி என்றால், இடையில் ஒரு ராத்திரி தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். போகவர வாங்கிய சீட்டில் முதல் கட்டத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் மீதிப் பயணமும் ரத்தாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெயரும் உதவியும்

நம்மவர் பெயரில் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும். எந்த அடையாளத்தைக் காட்டிப் பயணம் செய்கிறோமோ, அதிலுள்ளபடியே சீட்டிலும் பெயர் வேண்டும். ஒற்றைப் பெயரை எப்படி நிரப்புவது என்பதைக் கம்பெனியிடம் கேட்டபின் பணம் கட்டுங்கள். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் கிடையாது. சீட்டு வாங்கும்போதே கேட்டுவிட்டால், மொழி தெரியாத பெரியவருக்கு வழி காட்டவும் ஒருவர் கூட இருப்பார்.

ஊருக்குப் போகும்போது

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியாவே வெளிநாடு. அங்கும் இதே கணக்குதான். சென்னை வரை ஒரு சீட்டு, பிறகு தனிச் சீட்டு என்றால், 23 கிலோ வீதம் இரண்டு பெட்டியோடு இறங்குகிறவருக்கு உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோவே அனுமதி. மீதிக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இரண்டு முனையங்களும் ஓடுபாதையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. எது என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் கடற்கரைக்கு ஓடுபாதை வழியாகவே போவதால், பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் ஒரு நாள் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். அன்றைக்கு இணைப்புப் பயணம் வைக்காதீர்கள். இறங்கியபின் கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை எங்கள் ஊரிலேயே கொண்டுவிடும்.

இறப்புச் செய்தி கேட்டு ஓடும்போது மலிவு தேடிக்கொண்டிருக்க முடியாது. திருவனந்தபுரத்துக்கு இடமில்லையென்றால் கொச்சியைப் பாருங்கள். ஆலுவாவில் ரயில் ஏறலாம். மதுரையிலிருந்தும் நாகர்கோவிலுக்கு ரயில் உண்டு. டெல்டா, ஏர் கனடா போன்றவை துக்கப் பயணத்துக்குத் தனிக் கட்டணம் தருகின்றன. தொலைபேசியில் கேட்க வேண்டும். விலை எப்போதும் குறைவாக இருக்காது. ஆனால் திரும்பும் தேதியை மாற்றிக்கொள்வது எளிது. காரியம் முடிந்து எப்போது திரும்புவோம் என்று தெரியாதவருக்கு அந்த வசதியே பெரிது.

பொதுவாக ஒன்று சொல்வேன். திடகாத்திரமான இளைஞர் தனியாகப் போனால் எவ்வளவு மலிவாகவும் போகலாம். வயதானவரும் கைக்குழந்தையும் போகும் பயணத்தில், முதலில் இணைப்பைப் பாருங்கள். விலையை அதற்குப் பிறகு பாருங்கள்.