மூன்றாம் மொழி வழியே பெறும் பொருள்: மட்டாஞ்சேரித் தமிழரும் ஆங்கில உயர்நிலைச் சொற்களும்

1. முன்னுரை

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி, குறுகிய பரப்புக்குள் பல மொழிகள் வழங்கும் பகுதியாகும். மலையாளத்தோடு கொங்கணி, குசராத்தி, கச்சி, தெலுங்கு, தமிழ் முதலிய மொழிகளை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் அங்கும் அதனை அடுத்த கோட்டைக் கொச்சியிலும் வாழ்கின்றன. இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழைப் பேசுகிறது. தெருவிலும் பள்ளியிலும் மலையாளத்தில் பழகுகிறது. உயர்கல்விக்கு ஆங்கிலத்தை நாடுகிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கான வசதியை மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குச் செய்து தர வேண்டும் என 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு கூறுகிறது. ஆயினும் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் உள்ளது போன்ற தமிழ்வழிக் கல்வி, நகரில் சிதறி வாழ்வோர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை.

இத்தகைய மாணவர் ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களை மலையாள விளக்கத்தின் வழியே கற்கும்போது அவர் மனத்தில் பதியும் பொருள் யாது என்பதே இக்கட்டுரையின் வினா. எடுத்துக்காட்டுகள் அனைத்தும் பொதுவழக்கில் உள்ள சொற்களே.

2. உயர்நிலைச் சொல்லும் வழிப்பொருளும்

மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப்பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2000 தலைச்சொற்களைக் கொண்டது. அவற்றுக்கு அப்பால் உயர்கல்வி நூல்களில் மிகுதியாகப் பயிலும் 570 சொற்குடும்பங்களை அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்தார். முதல் வகைச் சொற்களுள் பலவற்றின் பொருளைச் சூழலே கற்பித்துவிடும். இரண்டாம் வகையின பெரும்பாலும் கருத்துப் பெயர்கள், சுட்டிக்காட்ட இயலாதவை. எனவே மாணவர் அகராதியின் ஒற்றைச் சொல் விளக்கத்தையே பற்றிக்கொள்கிறார்.

இருமொழியத்தை யூரியல் வைன்ரைக் தம் 1953ஆம் ஆண்டு நூலில் மூவகையாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்று சார்புநிலை இருமொழியம். இதில் புதிய மொழிச்சொல் பொருளை நேரே சுட்டுவதில்லை. முன்பே அறிந்த மொழியின் சொல்லைச் சுட்டி, அதன் வழியாகவே பொருளை அடைகிறது. மட்டாஞ்சேரித் தமிழ் மாணவரிடம் இச்சங்கிலிக்கு மேலும் ஒரு கண்ணி உண்டு. ஆங்கிலச் சொல் மலையாள விளக்கச் சொல்லைச் சுட்ட, அம்மலையாளச் சொல்லோ ஒலியொப்புமையால் தமிழ்ச்சொல்லை நினைவூட்டுகிறது. இக்கடைசிக் கண்ணியிலேதான் பொருள் நழுவுகிறது.

3. ஒரே வேர், வேறு பொருள்

உருவத்தால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்களைப் 'பொய்த்தோழர்' எனும் பெயரால் கெஸ்லரும் தெரோக்கிஞியும் 1928இல் பிரெஞ்சு, ஆங்கில மொழிகளை வைத்து விளக்கினர். தமிழும் மலையாளமும் வடமொழியிலிருந்து பெற்ற சொற்களில் இத்தகையன பலவாகும்.

(அ) அவசரம்: வடமொழியில் இதற்குத் தக்க நேரம், வாய்ப்பு என்பன பொருள். மலையாளம் 'வாய்ப்பு' என்னும் பொருளைப் போற்றியுள்ளது. இன்றைய தமிழில் இச்சொல் 'விரைவு, உடனடித் தேவை' என்று ஆகிவிட்டது. 'ஆப்பர்ச்சூனிட்டி' என்பதற்கு 'அவசரம்' என்னும் விளக்கத்தைக் காணும் தமிழ் மாணவர், வாய்ப்புக்கு நேர்மாறான பதற்றத்தை உணரக்கூடும்.

(ஆ) அவகாசம்: வடமொழியில் இடம், இடைவெளி. தமிழில் 'கால இடைவெளி, ஓய்வு நேரம்', மலையாளத்திலோ 'உரிமை'. மரபுரிமையாளரை மலையாளத்தார் 'அவகாசி' என்பர். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மலையாளத்தில் 'விவராவகாச நியமம்' என வழங்குகிறது. இத்தொடரின் மூன்று கூறுகளும் தமிழருக்குப் பழக்கமானவை. எனினும் 'அவகாசம்' அவருக்குக் காலத்தையும், 'நியமம்' சட்டத்தை விடுத்து நோன்பு ஒழுக்கத்தையும் உணர்த்தும். பழகிய சொற்களாகவே இருப்பதால் ஐயம் எழுவதில்லை என்பது நோக்கத்தக்கது.

(இ) விகாரம்: வடமொழியில் மாற்றம், திரிபு. தமிழ் இலக்கண நூலார் புணர்ச்சியில் நிகழும் தோன்றல், திரிதல், கெடுதல் ஆகியவற்றை விகாரம் என்பர். பொதுவழக்கில் அது 'அருவருப்பான தோற்றம்'. மலையாளத்தில் 'மனவெழுச்சி'. ஆகவே 'இமோஷன்', 'சென்டிமென்ட்' ஆகியவற்றுக்கு அங்கு 'விகாரம்' இயல்பான விளக்கமாகும். மத உணர்வு புண்பட்டதைக் கூறும் செய்தியில் 'மதவிகாரம்' என்னும் தொடர் வரும். தமிழ்க் காதுக்கு அது மதத்தையே இழித்துரைப்பதாக ஒலிக்கும். பல சமயத்தார் நெருங்கி வாழும் ஊரில் இத்தகைய தவறு சொற்பிழை என்ற அளவில் நின்றுவிடாது.

(ஈ) உபந்நியாசம், சம்சாரம்: முன்னது மலையாளத்தில் 'கட்டுரை', தமிழில் 'சமயச் சொற்பொழிவு'. பின்னது மலையாளத்தில் 'பேச்சு', தமிழில் 'இல்வாழ்க்கை' அல்லது 'மனைவி'.

4. அரைகுறை ஒற்றுமையின் இடர்

மேற்கண்டவற்றில் வேறுபாடு மிகுதி. தொடர் பொருந்தாமையால் என்றேனும் பிழை வெளிப்பட்டுவிடும். பொருள்கள் அண்மையில் நிற்கும்போதுதான் பிழை நிலைபெறுகிறது. மலையாளத்தில் 'பிரயாசம்' என்பது 'கடினம்'. தமிழில் 'பிரயாசை' என்பது 'முயற்சி'. 'ஆர்டியுவஸ்' என்னும் ஆங்கிலச் சொல் செயலின் கடுமையைக் குறிப்பது. 'எண்டெவர்' செய்வோனின் முயற்சியைக் குறிப்பது. மலையாள விளக்கத்தைத் தமிழ்ப்பொருளில் கொள்பவர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார். அவர் எழுதும் தொடர் ஏறத்தாழச் சரியாகவே தோன்றும். திருத்துவாரும் கடந்து செல்வர்.

இடையில் மலையாளம் இல்லாத இடத்திலும் ஒற்றை விளக்கம் போதாது என்பதற்கு 'என்டைட்டில்மென்ட்' சான்றாகும். சட்ட வழக்கில் அது ஒருவருக்குச் சேர வேண்டிய உரித்தைக் குறிக்கும். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட வறுமை, பஞ்சம் பற்றிய நூலில், ஒருவர் தம் உடைமை, உழைப்பு ஆகியவற்றைக் கொண்டு முறைப்படி பெறக்கூடிய பொருள்களின் தொகுதியைக் குறிக்கும் கலைச்சொல்லாகிறது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை அவர் இக்கருத்தால் விளக்கினார். இன்றைய இதழியல் வழக்கிலோ, தகுதி நோக்காது எல்லாம் தமக்கே கிடைக்க வேண்டும் என எண்ணும் மனப்பாங்கைப் பழிப்பதற்கும் இச்சொல் பயன்படுகிறது. 'உரிமை' என்னும் ஒரு சொல் இம்மூன்றையும் தாங்காது. 'அவகாசம்' என்னும் மலையாள விளக்கத்தின் வழியே வருபவர் முதற்படியிலேயே இடறுகிறார்.

'சேங்ஷன்' என்பதும் இத்தகையதே. நம் அலுவலகங்களில் கடனோ விடுப்போ 'சேங்ஷன்' ஆனால் ஒப்புதல் கிடைத்தது என்று பொருள். பன்னாட்டுச் செய்தியில் ஒரு நாட்டின்மீது அது விதிக்கப்பட்டால் தடை என்று பொருள். எச்சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதும் ஒரு சொல்லின் பொருட்கூறே என்னும் ஜே. ஆர். ஃபெர்த்தின் கருத்து ஈண்டு நினையத்தக்கது.

5. கொச்சி காட்டும் முன்மாதிரி

பொருள் பல மொழிகளைக் கடந்தும் நழுவாதிருக்க இயலுமா? கொச்சியில் உருவான ஒரு நூலே இதற்கு விடை தருகிறது. டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் மருத்துவரும் கொங்கணி மருத்துவர் மூவரும் அதற்குச் செய்தி அளித்தனர். மலையாளத்தில் கூறப்பட்டது போர்த்துகீசியத்திற்கும், பின்னர் டச்சு மொழிக்கும், முடிவில் இலத்தீனுக்கும் மாற்றப்பட்டது. இத்துணைக் கண்ணிகள் இருந்தும் 700க்கும் மேற்பட்ட அச்செடிகொடிகளைப் பிற்காலத் தாவரவியலார் பெரும்பாலும் அடையாளம் காண முடிந்தது. நூலில் படங்கள் இருந்தமையே காரணம். ஒவ்வொரு பெயரும் மற்றொரு பெயரை மட்டும் சாராமல், பொருளின் வடிவத்தையும் சார்ந்து நின்றது.

கருத்துப் பெயர்க்குப் படம் வரைய இயலாது. அதற்குப் படமாவது எடுத்துக்காட்டுத் தொடரே. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களுக்கு இடமளித்ததன் பயனை நாம் அறிவோம். அந்நெறி இருமொழி அகராதிகளுக்கும் இன்றியமையாதது.

6. செய்யத்தக்கன

முதலாவதாக, கேரளத் தமிழ் மாணவர்க்கெனத் தமிழ்-மலையாளப் பொய்த்தோழர் பட்டியல் ஒன்று தேவை. சில நூறு சொற்களே போதும். ஒவ்வொன்றுக்கும் இரு மொழியிலும் ஒவ்வொரு தொடர் தரப்படல் வேண்டும்.

இரண்டாவதாக, ஆங்கிலச் சொல்லுக்கு விளக்கச் சொல்லோடு, அது வழக்கமாகச் சேர்ந்து வரும் இரண்டு மூன்று சொற்களும், அது வழங்கும் துறையும் குறிக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மொழிபெயர்ப்பாளர் தாம் தேர்ந்த தமிழ்ச் சொல்லை வேறொரு தொடரில் இட்டு, அத்தொடரை மீண்டும் ஆங்கிலமாக்கிப் பார்க்கலாம். தொடங்கிய சொல்லே திரும்பி வருமாயின் தேர்வு ஏற்புடையது. வேறு சொல் வருமாயின் எக்கண்ணியில் நழுவியது எனத் தேடல் வேண்டும். 'அவசரம்' இச்சோதனையில் ஒரு நொடியும் நில்லாது, 'பிரயாசை' அகப்படும்.

7. முடிவுரை

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நெடுங்காலம் விற்கப்பட்ட சரக்குகளுள் ஒன்று கயிறு. அதன் மலையாள வடிவமே ஆங்கிலத்தில் 'காயர்' ஆயிற்று. ஆங்கிலத்தில் அது தென்னை நாரையே குறிக்கும். கயிற்றுக்கு அங்கு வேறு சொல் உண்டு. நம்மிடமிருந்து சென்ற சொல்லே பொருள் மாறி நிற்கும்போது, மூன்று மொழிகளைக் கடந்து நம்மை வந்தடையும் சொல்லை அதன் முகத்தை மட்டும் கண்டு நம்புதல் தகாது. மூன்று மொழிகளோடு வளரும் மாணவரிடம் குறைபாடு ஏதுமில்லை. பிறர்க்கு வாய்க்காத ஒப்பீட்டு அறிவு அவருக்கு எளிதில் கைகூடும். அதனை அவர் தாமே தடுமாறிக் கண்டறியும்படி விட்டுவிடாது, அகராதியாகவும் பாடமாகவும் ஆக்கித் தருவது மொழியியலாரின் கடமையாகும்.