உடைந்த திரையும் உத்தரவாதச் சீட்டும்

கைத்தொலைபேசி கைதவறி வீழ்ந்து அதன் திரை வெடித்துவிட்டால், நம்மிற் பலர் முதலிலே தேடுவது உத்தரவாதச் சீட்டைத்தான். அச்சீட்டோ பெரும்பாலும் உற்பத்திக் குறைபாட்டிற்கு மாத்திரமே பொறுப்பேற்கின்றது. வீழ்ச்சிக்கும் நீர் புகுந்தமைக்கும் அன்று. கடைக்காரரைக் கடிந்து பயனில்லை.

அடியேதும் படாதிருக்கையிலே திரையிற் கோடுகள் தோன்றினாலோ, தொட்டும் அது இயங்காதொழிந்தாலோ, நிலைமை வேறு. அதனைத் திருத்தித் தருமாறு நேயர்கள் தயங்காது கேட்கலாம். அதற்குமுன் வேறொரு திருத்துநரிடம் கொடுத்துக் கருவியைத் திறப்பித்தல் தகாது. பிறர் திறந்தால் உத்தரவாதம் செல்லாதென்னும் நிபந்தனை பல சீட்டுகளிற் சிற்றெழுத்திலே உண்டு. (அவ்வெழுத்தை வாசிக்க மூக்குக்கண்ணாடியும் போதாது!)

கடைக்காரர் மறுப்பின், இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் அமைதல் வேண்டும். விற்பனை நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் கிடைத்தலும் வேண்டும். ஓராண்டு உத்தரவாதம் பெற்றவருக்கு இத்தவணை மிகக் குறுகியது என்பதே என் எண்ணம். நான்காம் மாதத்திலே கோடு விழுந்தால் அவர் எங்கே செல்வார்?

கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்குவதும் அச்சட்டப்படி வர்த்தகரின் கடமையாகும். வாங்கும்போதே கேளுங்கள், திகதியோடு கருவியின் தொடரிலக்கத்தையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.