முத்தின் நிறமும் சாம்பல் அட்டையும்

ஒரே முத்துச்சரம். நீல வெல்வெட் தட்டில் வைத்துப் படம் எடுத்தால் வெண்ணெய் நிறம். மெரூன் வெல்வெட்டில் வைத்தால் பச்சை ஓடிய வெளிறிய வெள்ளை. விளக்கும் அதேதான், கேமராவும் அதேதான். ஹைதராபாத் பத்தர்கட்டியில் உள்ள முத்துக்கடை ஒன்றுக்கு இணையத்தில் போடப் படம் எடுத்துத் தருகிற தம்பி ஒருவர், ஈரானி டீயை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டது இதைத்தான்: "கேமராவை மாத்திடணுமாண்ணா?"

வேண்டாம். விழுகிற வெளிச்சம் என்ன நிறம் என்று கேமராவுக்குச் சொல்லத் தெரிந்தால் போதும். அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். முத்து எடுக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, பட்டுப்புடவை எடுக்கிறவர்களுக்கும், முகம் எடுக்கிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் மேசையில் இருந்த டீக்கோப்பையைப் பார்க்கச் சொன்னேன். கடைக்குள் மஞ்சள் பல்பு எரிந்தது. கோப்பை வெள்ளை என்பதில் நம் கண்ணுக்குச் சந்தேகமே வரவில்லை. போனில் வொயிட் பேலன்ஸை வெயில் என்று பூட்டிவிட்டு எடுத்தால் அதே கோப்பை ஆரஞ்சுச் சாயம் பூசினாற்போல் வந்தது. உண்மையில் கோப்பையிலிருந்து கிளம்பிய ஒளி ஆரஞ்சுதான். பல்பு மஞ்சள் என்பதை மூளை சில நொடிகளில் கணித்து, பார்க்கும் எல்லாவற்றிலிருந்தும் அந்த மஞ்சளைக் கழித்துவிடுகிறது. நாம் கேட்காமலே நடக்கிற வேலை இது. கேமராவின் சென்சாருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. வந்த ஒளியை வந்தபடி எண்ணி வைக்கும். கழிக்கும் வேலையைப் பிறகு யாராவது செய்ய வேண்டும். அதற்குத்தான் வொயிட் பேலன்ஸ் என்று பெயர்.

கணக்கு மிக எளிது. சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகை வடிகட்டிகளுக்குக் கீழே ஒளி எண்ணப்படுகிறது. எந்தச் சாயமும் இல்லாத சாம்பல் அட்டையை நல்ல சமநிலையில் எடுத்தால் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பல்பு வெளிச்சத்தில், உதாரணத்துக்கு, சிவப்பு 150, பச்சை 100, நீலம் 50 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சையை அப்படியே விட்டு, சிவப்பை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து, நீலத்தை இரண்டால் பெருக்கினால் மூன்றும் 100. இந்தப் பெருக்கு எண்களை வைத்துப் படம் முழுவதையும் பெருக்குவதுதான் வொயிட் பேலன்ஸ். நீலத்தை இரட்டிப்பாக்கும்போது நீலத்தில் இருந்த இரைச்சலும் இரட்டிப்பாகும். மஞ்சள் பல்பில் எடுத்த படங்களின் நிழல்பகுதி புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று: அந்தப் பெருக்கு எண்களை எங்கிருந்து எடுப்பது?

ஆட்டோவில் விட்டால் கேமரா ஊகிக்கிறது. உலகத்தில் உள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சராசரியாகச் சாம்பல் வரும் என்பது அந்த ஊகத்தின் பழைய அடிப்படை. இப்போதைய கேமராக்கள் இன்னும் நிறைய யோசிக்கின்றன. ஆனாலும் படத்தை ஒரே நிறம் நிறைத்துவிட்டால் தடுமாறுகின்றன. தட்டு முழுக்க நீல வெல்வெட் என்றால், விழுகிற வெளிச்சமே நீலம் போலிருக்கிறது என்று எண்ணி கேமரா மஞ்சளைக் கூட்டுகிறது. முத்து வெண்ணெய் நிறமாகிறது. மெரூன் என்றால் சிவப்பைக் குறைக்கிறது. முத்தில் பச்சை ஓடுகிறது. தம்பியின் புதிர் இவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும் என்றால், முத்துக்கு நிறம்தான் பாதி விலை. நமக்கு முத்து என்றதும் கொற்கையும் தூத்துக்குடியும் நினைவுக்கு வரும். கடலே இல்லாத ஹைதராபாத் முத்துநகரம் ஆனது நிஜாம்களும் அவர்களின் பிரபுக்களும் வாங்கியதால். பாரசீக வளைகுடாவிலிருந்து பாஸ்ரா முத்து இங்கே வந்தது. துளையிடவும் தரம் பிரிக்கவும் கோக்கவும் தெரிந்த கைகள் இங்கே பெருகின. இன்று வருவதில் பெரும்பகுதி சீனத்து நன்னீர் முத்து. ஆனாலும் பிரிக்கிற கண் அதே கண். வெள்ளை, கிரீம், லேசான ரோஜா என்று அடிநிறம் ஒன்று. அதன்மேல் மிதக்கிற இன்னொரு சாயல் வேறு. சரம் கோக்கும்போது பக்கத்துப் பக்கத்து முத்துக்கள் இந்த இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். 1995-இல் இந்திய அரசு சுமார் 218 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய நிஜாம் நகைத் தொகுதியில் சத்லடா என்கிற ஏழு சர பாஸ்ரா முத்துமாலை இருக்கிறது. அந்தத் தொகுதியைச் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்ததுண்டு. நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். மற்ற எல்லோருக்கும் அதன் நிறம் என்பது படத்தில் உள்ள நிறம்தான். கிரீம் முத்தை வெள்ளை என்று காட்டுகிற படம், எடுத்தவர் நினைக்காமலே சொல்லிவிடுகிற பொய். வாங்கியவர் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் அது தெரியவரும்.

ஆட்டோவை விட்டால் அடுத்தது கேமராவிலேயே இருக்கிற வெயில், நிழல், பல்பு, டியூப்லைட் சின்னங்கள். அல்லது நேராகக் கெல்வின் எண். மெழுகுவர்த்தி 1,900 கெல்வின் அளவில், பல்பு 2,700, நடுப்பகல் வெயில் 5,500, மர நிழல் 7,000-க்கு மேல். ஒரு விஷயம் எல்லோரையும் குழப்பும்: எண்ணைக் குறைத்தால் படம் நீலமாகும். வெளிச்சம் 3,000 கெல்வின் என்று நீங்கள் சொன்னால், அப்படியானால் அது மஞ்சள், நான் நீலத்தைக் கூட்டுகிறேன் என்று கேமரா பதில் செய்கிறது. ஆனால் கெல்வின் அளப்பது மஞ்சள்-நீலம் என்ற ஒரு திசையை மட்டும். மலிவான எல்.இ.டி.யும் டியூப்லைட்டும் பச்சைப் பக்கமோ மெஜந்தாப் பக்கமோ சாயும். அதற்கு டிண்ட் என்ற இரண்டாவது திருகல் வேண்டும். கண்ணால் பார்த்து இரண்டையும் சரியாகத் திருகுவது கடினம். சற்று நேரத்தில் கண் அந்தத் திரைக்கே பழகிவிடும்.

"வெள்ளைத் தாளைக் காட்டி செட் பண்ணினா?" என்றார் தம்பி. பலரும் செய்வதுதான், ஊகத்தைவிட மேலும்தான். ஆனால் நாம் வெள்ளை என்று நம்புகிற பலவற்றில் சாயம் ஒளிந்திருக்கிறது. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது எதற்காக? மஞ்சளை மறைத்து வெள்ளையாகக் காட்டத்தான். அச்சுத் தாளிலும் சலவைத்தூளிலும் அதைவிடப் பெரிய வித்தை: கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக வெளியே விடுகிற ரசாயனம். வெயிலில் அந்தத் தாள் உண்மையில் சற்று நீலம். அதை வெள்ளை என்று கேமராவுக்குச் சொன்னால் நீலத்தைக் கழித்துவிடும், முத்து மறுபடி மஞ்சள். சாலார் ஜங்கில் பென்சோனி என்ற சிற்பி செதுக்கிய முகத்திரை ரெபெக்காவைப் பாருங்கள். வெண்பளிங்கு என்கிறோம். ஒளி பளிங்கின் மேல்தோலுக்குள் சற்றே புகுந்து திரும்புவதால்தான் அந்தத் திரை துணிபோல் மென்மையாகத் தெரிகிறது. கூடவே ஒரு இளஞ்சூடான சாயலும் சேர்ந்துகொள்கிறது. அதை அளவுகோலாக வைக்கக் கூடாது.

அளவுகோலாக வைப்பதற்கென்றே செய்தது கிரே கார்டு என்கிற சாம்பல் அட்டை. நகைக்கடையில் பொன்னை வைக்கும் முன் தராசை வெறுமையாக வைத்துச் சுழியம் பார்ப்பார்களே, அந்த வேலை இதற்கு. மூன்று நிறத்தையும் ஒரே அளவில் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்பதுதான் இதன் தகுதி. 18 சதவீதச் சாம்பல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கு எக்ஸ்போஷரை நிர்ணயிக்க வந்தது. வொயிட் பேலன்ஸுக்குச் சதவீதம் முக்கியமில்லை. சாயமே இல்லாதிருப்பது முக்கியம். சற்று வெளிர் சாம்பல் இன்னும் நல்லது, இரைச்சல் குறையும். ஆனால் ஒரு நிறம்கூட உச்சியில் முட்டி வெடிக்கக் கூடாது. வெடித்த எண்ணுக்குக் கணக்கில் பொருள் இல்லை. வெள்ளையைவிடச் சாம்பல் பாதுகாப்பு என்பது அதனால்தான். கடைகளில் கிரே கார்டு என்ற பெயரில் கிடைக்கிற மலிவு அட்டைகளில் பல நடுநிலை இல்லாதவை. வொயிபால் போன்றவை இந்த ஒரு வேலைக்கென்றே செய்யப்பட்டவை.

வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். அட்டை உங்கள் கையில் இருக்கக் கூடாது. முத்து கிடக்கும் இடத்தில், முத்தின் மேல் விழும் அதே வெளிச்சத்தில், பளபளப்பு அடிக்காத கோணத்தில் இருக்க வேண்டும். பிறகு இரண்டு வழி. கேமராவிலேயே கஸ்டம் வொயிட் பேலன்ஸ் போய் அந்த அட்டையைக் காட்டிப் பதிவு செய்யலாம். அல்லது முதல் படத்தில் அட்டையையும் சேர்த்து ரா கோப்பாக எடுத்துவிட்டு, கணினியில் ஐட்ராப்பரால் அட்டையைத் தொட்டு, அந்த எண்களை அடுத்தடுத்த படங்கள் எல்லாவற்றுக்கும் ஒட்டலாம். இரண்டாவதுதான் என் வழக்கம். ரா கோப்பில் பெருக்கல் இன்னும் நடக்கவில்லை. எத்தனை முறை மாற்றினாலும் சேதம் இல்லை. ஜேபெக்கில் கேமரா பெருக்கி, சுருக்கி, மிச்சத்தை எறிந்துவிட்டிருக்கும்.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்போடிஸ்க் என்பது லென்ஸின் முன்னால் மாட்டுகிற பால்நிற வட்டு. முத்து இருக்கும் இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய், வெளிச்சம் வரும் பக்கம் பார்த்து ஒரு படம் எடுத்துப் பதிவு செய்வது. கல்யாண மண்டபத்தில் அட்டையைப் பிடிக்க ஆள் இல்லாதபோது இது வசதி. கலர்செக்கர் என்கிற 24 கட்ட அட்டை வேறு ரகம். மெக்காமி, மார்கஸ், டேவிட்சன் என்ற மூவர் 1976-இல் கட்டுரை எழுதி அறிமுகப்படுத்தியது. அதன் கீழ்வரிசை ஆறு கட்டங்கள் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாயமற்றவை. மற்ற பதினெட்டும் நிறங்கள். சாம்பலைச் சரிசெய்த பிறகும் உங்கள் கேமரா சிவப்பை ஆரஞ்சாகவோ ஊதாவை நீலமாகவோ திரித்தால், அதைத் திருத்தும் ப்ரொஃபைல் ஒன்றை இதிலிருந்து செய்யலாம். போச்சம்பள்ளிச் சேலைக்காரர்களுக்கு இது அவசியம் என்பேன். தனி முத்துக்கு அவ்வளவு அவசரமில்லை. செகோனிக் போன்ற நிறமாலை மீட்டர் வெளிச்சத்தையே பிரித்துக் காட்டும். விலை அதிகம், சினிமாக்காரர்களுக்கு உரியது.

எந்தக் கருவியாலும் முடியாத இடம் ஒன்று உண்டு. கடை வாசலிலிருந்து பகல் வெளிச்சம், மேலே மஞ்சள் எல்.இ.டி. என்றால் சரத்தின் ஒரு பாதிக்கு ஒரு பெருக்கு எண், மறுபாதிக்கு வேறு. அட்டை ஒன்றைத்தான் சொல்லும். எனவே முதலில் திரையை இழுத்து வாசலை மூடுங்கள், அல்லது விளக்கை அணையுங்கள். ஒரே வகை வெளிச்சம் என்பதற்கு மாற்று கிடையாது. அந்த விளக்கும் நல்ல விளக்காக இருக்க வேண்டும்: வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைப் பெருக்கி வரவழைக்க முடியாது. பழைய சோடியம் தெருவிளக்கின் கீழ் எடுத்த படத்தை எவ்வளவு திருத்தினாலும் நிறங்கள் முழுதாகத் திரும்பாதது அதனால்தான். நகை வியாபாரிகள் காலங்காலமாக வடக்குச் சன்னலின் மறைமுக வெளிச்சத்தில் பார்த்து வாங்கியதன் அறிவு இன்றும் செல்லும்.

முத்துக்கென்று தனிச் சிக்கலும் உண்டு: அது ஒரு சிறு கண்ணாடி. எதிரே இருப்பதையெல்லாம் வாங்கிக் காட்டும். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்து எடுத்தால் ஒவ்வொரு முத்திலும் சிவப்பு ஏறும். பக்கத்தில் வைத்த அட்டை நடுநிலை என்று சொன்னாலும் முத்து அப்படி இருக்காது. கறுப்போ சாம்பலோ உடுத்திக்கொண்டு, சுற்றிலும் வெள்ளையும் சாம்பலுமாக வைத்து எடுக்க வேண்டும். நீல வெல்வெட்டை அழகுப் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நிறம் காட்டும் படம் ஒன்றைச் சாம்பல் தட்டில் தனியாக எடுத்துக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

ஆறாம் நிஜாமின் அவைப் புகைப்படக்காரர் ராஜா தீன் தயாளின் படங்களை நான் வியந்து பார்ப்பவன். அவர் காலத்துத் தகடுகள் நீலத்துக்குக் கூர்மையானவை, சிவப்புக்குக் கிட்டத்தட்டக் குருடு. மாணிக்கம் அதில் கறுத்துப்போகும். ஒரு முத்து வெள்ளையா கிரீமா என்பதை அந்தப் பிரதிகளிலிருந்து எவ்வளவு பெரிய நிபுணராலும் சொல்ல முடியாது. நம்மிடம் அதைச் சொல்லக்கூடிய கருவி இருக்கிறது. சட்டைப்பைக்குள் அடங்குகிற ஓர் அட்டைதான் அது.

கடைசியாக, பார்க்கிற திரை. உங்கள் மானிட்டரே நீலமாக இருந்தால் திருத்தியதெல்லாம் வீண். அளந்து சரிசெய்யும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. வாங்குகிறவர் போனில் இரவு நேர மஞ்சள் திரை ஓடிக்கொண்டிருக்கலாம். அது நம் கையில் இல்லை. அதனால்தான் தம்பியிடம், சாம்பல் தட்டுப் படத்தில் முத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டையையும் ஓரமாகத் தெரியும்படி விட்டுவிடச் சொன்னேன். அட்டை மஞ்சளாகத் தெரிந்தால் தன் திரைதான் மஞ்சள் என்று வாங்குகிறவருக்கே புரியும்.