எப்பருவத்துக்கு எந்நூல்?

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலே மேசைமீது அழகிய அட்டைகளுடன் அடுக்கி வைக்கப்படும் நூல்களைக் கண்டு மகிழாத தமிழ்ப் பற்றாளர் இலர். ஆயின், அவை எவ்வெவ் வகுப்பு மாணவருக்கு வழங்கப்படுகின்றன என்று சற்றே நோக்குவோமாயின் மகிழ்ச்சியோடு கவலையும் கலந்துவிடும். மூன்றாந் தரத்துச் சிறுமிக்குப் பரிமேலழகர் உரையோடு கூடிய திருக்குறள் கிடைக்கும். பத்தாந் தர மாணவனுக்கோ படங்கள் நிறைந்த நரிக்கதை கிடைக்கும். நூலின் விலையையும் பருமனையும் நோக்கியவர்கள் அதனைப் பெறும் பிள்ளையை நோக்க மறந்தனர். இரண்டும் நல்ல நூல்களே. எனினும், இரண்டும் வீட்டு அலுமாரியுட் புகுந்தபின் மீண்டும் வெளிவருவதில்லை.

ஒரு நூல் சிறந்ததா என்பது ஒரு வினா. இப்பிள்ளைக்கு இப்போது அது ஏற்றதா என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை கூறப் புலவர் பலருளர். பின்னதற்கு விடை கூறவேண்டியோர் பெற்றோரும் ஆசிரியருமே. பருவம் வருமுன் திணிக்கப்பட்ட நூல் அப்போது பயன்படாது போவதோடு அமையாது, பருவம் வந்த பின்னரும் அதன்மேற் பற்று உண்டாகாதபடி தடுத்துவிடுகின்றது. செய்த குற்றத்துக்குத் தண்டமாகக் குறளை நூறுமுறை எழுதிய சிறுவன், வளர்ந்து ஆளான பின்பும் வள்ளுவரைப் பிரம்பேந்திய சட்டம்பியாராகவே நினைப்பான்.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். நூல் கற்பிக்கும் முறை கூறவந்த பவணந்தி முனிவர், மாணாக்கன் எவ்வாறு கொள்ள வல்லான் என்பதை அறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு கொடுத்தல் வேண்டும் என்றார். திண்ணைப் பள்ளிகளின் பாட ஒழுங்கும் அதற்கேற்ப அமைந்திருந்தது. முதலிலே இரண்டொரு சொற்களாலாகிய ஆத்திசூடி. அடுத்து, நாற்சீராய் நீளும் கொன்றைவேந்தன். அதன் பின்னரே மூதுரை, நல்வழி என்னும் வெண்பா நூல்கள். பிள்ளையின் மூச்சு நீள நீளப் பாட்டும் நீண்டது! மூதுரையிலே தென்னையும் பாலும் சங்கும் உவமைகளாய் வந்து, கண்ணாற் கண்ட பொருளிலிருந்து காணாத கருத்துக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றன.

இப்படிமுறையை இன்றைய நூல்களுக்கும் விரித்துப் பார்த்தல் நம் கடன். பிள்ளையின் உள்ளத்துக்கு நான்கு வாயில்கள் உண்டென்றும், அவை ஒன்றன்பின் ஒன்றாய்த் திறப்பனவென்றும் கொள்ளலாம்.

செவி

ஆறு வயது வரையும் திறந்திருப்பது செவி. இப்பருவத்திலே பொருளினும் ஓசையே முதன்மை பெறும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) நமக்கு விட்டுச் சென்ற செல்வத்தின் அருமை இங்கே விளங்கும். அவருடைய சிறுவர் பாடல்கள் 'சிறுவர் செந்தமிழ்' என்னும் நூலாக 1955இல் வெளிவந்தன. ஆடிப்பிறப்பின் கூழையும் கொழுக்கட்டையையும், கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடிய அப்பெருமகனார், ஈழத்துப் பிள்ளை தன் வீட்டிலும் வளவிலும் காண்பவற்றையே பாடுபொருளாகக் கொண்டார். கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் இவ்வழியிலே நமக்குத் துணையாவர். இத்தகைய பாடல்களைப் பொருள் விரிக்காது பாடிக் காட்டினாற் போதும். பொருள் யாதென்று பிள்ளை தானே ஒருநாட் கேட்கும்.

நகை

ஏழு முதல் ஒன்பது வயது வரையும் நகைப்பே வாயிலாகும். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதையை இப்பருவத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துப் பாருங்கள். ஆற்றைக் கடந்த சீடர்கள், எண்ணுகின்ற ஒவ்வொருவனும் தன்னை விடுத்து மற்றவரை எண்ணி, ஒருவரைக் காணோமென்று புலம்பும் இடம் வந்ததும் வகுப்பு முழுவதும் ஆரவாரிக்கும். கதை கூறுவோன் தவற்றைச் சுட்டுமுன்னரே பிள்ளை அதனைக் கண்டுவிடுகின்றது. 'இச்சீடரினும் நான் அறிவுடையேன்' என்னும் அவ்வின்பமே ஆராயும் அறிவின் முதல் முளையாகும்.

பஞ்சதந்திரமும் இக்காலத்துக்கு உரியதே. ஆயின், தெரிந்து கொடுத்தல் வேண்டும். அது அரசகுமாரர் மூவருக்கு அரசியல் புகட்டக் கூறப்பட்டதாக அமைந்த நூல். மித்திரபேதத்திலே நரியின் சூழ்ச்சி வெற்றி பெறுகின்றது. எலியும் காகமும் ஆமையும் மானும் ஒன்றுக்கொன்று துணையாகும் சுகிர்லாபத்தை முதலிற் கொடுப்பதே தக்கது.

அருஞ்செயல்

பத்து முதல் பன்னிரண்டு வரையுமுள்ள பருவம் நெடுங்கதைக்கும் அருஞ்செயலுக்கும் உரியது. 1719இல் வெளிவந்த 'றொபின்சன் குறூசோ' சிறுவருக்கென எழுதப்பட்டதன்று. சிறுவரே அதனைத் தமதாக்கிக்கொண்டனர். ரூசோ என்னும் பேரறிஞர் 1762இல் வெளியிட்ட 'எமீல்' என்னும் கல்வி நூலிலே, தம் மாணவனுக்குரிய முதல் நூலாக அதனையே தெரிந்தெடுத்தார். தனித் தீவில் ஒருவன் தன் கையாற் குடிலமைத்துப் பயிர் விளைத்து வாழும் கதையிலே, தானும் வல்லவனாதல் கூடும் என்னும் நம்பிக்கையைச் சிறுவன் காண்கின்றான். இராமாயண பாரதக் கதைகளையும் இக்காலத்தில் நல்ல வசன நடையிலே முழுமையாகப் படித்தல் நன்று.

வசனமாக்குவதும் சுருக்குவதும் இழிவென்று கருதுவோர், ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டதை நினைவு கூர்வாராக. ஆயினும், சுருக்குதல் வேறு, சிதைத்தல் வேறு. கதையின் துயரத்தை நீக்கி, பாத்திரங்களின் வாயிலிருந்து நல்ல தமிழைப் பறித்து, பக்கந்தோறும் அறவுரையை ஒட்டிவைத்த சுருக்கங்களை விலக்குதல் வேண்டும்.

நம் நாட்டிலே இவ்வாயில் திறக்கும் ஆண்டிலேதான் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் வந்து நிற்கின்றது. உலகைச் சுற்றிவர விழையும் உள்ளத்தின் முன்னே மாதிரி வினாத்தாள்கள் குவிக்கப்படுகின்றன. பரீட்சையை வெறுத்துரைத்தல் எளிது. அதனால் வழி காட்டிவிடும் ஏழைப் பிள்ளைகளும் உளர். ஆயினும், அவ்வாண்டு முழுவதும் ஒரு கதை நூலேனும் தொடாத பிள்ளை, வாசிப்பென்பது புள்ளிக்கான உழைப்பு என்றே கற்றுக்கொள்கின்றது. பரீட்சை முடிந்ததும் அவ்வுழைப்பையும் விட்டுவிடுகின்றது. நாளைய தமிழ் நூல்களுக்கு வாசகர் எங்கிருந்து வருவர்?

வினா

பதின்மூன்று வயதின்மேல் நான்காவது வாயில் திறக்கும், அது வினா. வாலியை மறைந்து நின்று எய்தது முறையோ? ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் உயிர் நீத்ததோடு நீதி நிறைந்துவிட்டதோ? இளைஞர் இவற்றைக் கேட்கத் தொடங்கும்போதே கம்பரையும் இளங்கோவடிகளையும் தெரிந்தெடுத்த பகுதிகளாக மூலத்திலே காட்டல் வேண்டும். வைகாசியில் அம்மன் கோயில்களிலே கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்புப் பிள்ளைக்குச் சிலப்பதிகாரம் அயலார் கதையாகத் தோன்றாது. திருக்குறளைத் தெளிவுரையோடு தொடங்குதற்கும் இதுவே காலம். பரிமேலழகர் சற்றுப் பொறுத்திருப்பார். 1950இல் நூலுருப்பெற்ற உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'மும், கல்விக்காக ஓர் இளைஞன் அலைந்த அலைச்சலைக் காட்டி மாணவரைத் தன்பால் ஈர்க்கும்.

இங்குக் கூறிய வயதெல்லைகளை இரும்பு வேலியாகக் கொள்ளற்க. எட்டு வயதிலே பாரதங் கேட்கும் பிள்ளையைத் தடுத்தலும், பதினான்கு வயதிலும் எழுத்துக்கூட்டி வாசிப்பவனுக்குப் பரமார்த்த குருவைக் கொடுக்க நாணுதலும் ஒருங்கே தவறாம். நூலைத் திறந்து ஒரு பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டுங்கள். மறுபக்கத்தைப் புரட்டுமாறு பிள்ளை கேட்குமாயின் அந்நூல் அதற்குரியது.

அதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு நூல் வாங்குமுன், பரிசு பெறவிருக்கும் பிள்ளைகளையும் புத்தகசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வகுப்புக்கேற்ற பத்து நூல்களை ஆசிரியர் தெரிந்தெடுத்து முன்வைக்கட்டும். அவற்றுள் ஒன்றைப் பிள்ளை தானே எடுத்துக்கொள்ளட்டும். இதற்கு மேலதிகச் செலவு யாதுமில்லை.